மீரா எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள்?

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நாம் இருவரும் சத்தம் போட்டுக் கதைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ ஸ்தவாங்கரில் சாமான்களைப் பெட்டி கட்டியபடி பேசினாய். நான் ஒஸ்லோவில், குரோருட் வீட்டுக் குசினி யன்னலடியில் நின்று பேசினேன். சொல்ல நினைத்ததில் பாதியைக் கோபம் விழுங்கிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ இடையில் மறித்துப் பேச முடியாது, அது எனக்கு ஒரு வசதி. உனக்கு எழுதுவதுதான் என்றாலும் இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இந்தக் குரோருட் பள்ளத்தாக்கில் உன் வயதுப் பிள்ளைகளைப் பெற்ற தமிழ் வீடுகளில் எல்லாம் இப்போது இதே வாக்குவாதம்தான். அவர்களும் வாசிப்பதென்றால் வாசிக்கட்டும்.

விஷயம் பார்த்தால் சின்னது. ஒஸ்லோவில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது, குடிவரப் போகிறீர்கள். வீடு அமையும்வரை எங்களோடு இருப்பதாகப் பேசிக்கொண்டோம். ஆகஸ்ட்டில் உன் மகள் மீரா முதலாம் வகுப்பு. பதிவு எங்கள் முகவரியில் இருப்பதால், எங்கள் மேட்டுக்குக் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்தில்தான் அவளுக்கு இடம். நீ படித்த அதே பள்ளிக்கூடம். ஆனால் நீ நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் திறக்குமுன் அங்கே போய்விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாய். ஏன் என்று கேட்டேன். “அப்பா, அந்த வகுப்பிலை நோர்வேப் பிள்ளையள் ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லை. மீராவின்ரை நொஸ்க் பாஷை பழுதாப்போடும்” என்றாய். நான் ஏதோ சொல்லத் தொடங்க, “என்ரை பிள்ளையை வைச்சு உங்கடை நாட்டைத் திருத்தேலாது” என்றாய். நோர்வேயை ‘உங்கடை நாடு’ என்றாய் தம்பி. இங்கே பிறந்தவன் நீ, வந்து சேர்ந்தவன் நான். அந்த வார்த்தைக்கு அப்போதும் என்னிடம் பதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. அதைத்தான் எழுத முடியும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த வேலையை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தக் காலத்தில் இந்த நாட்டுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் மொழியையும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளட்டும், அதற்கு அரசாங்கமே உதவி செய்யும், அப்படி மதிப்போடு நடத்தினால் அவர்கள் தாமாகவே நாட்டோடு சேர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை. அதற்காகத்தான் நகரசபை என்னைச் சம்பளம் கொடுத்துத் தாய்மொழி வாத்தியார் ஆக்கியது. உடற்பயிற்சி மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மறுபக்கச் சுவரில் பந்து வந்து மோதிக்கொண்டே இருக்கும். நான் வகுப்பு வகுப்பாகப் போய்க் கதவைத் தட்டித் தமிழ்ப் பிள்ளைகளை அழைத்து வருவேன். என்னைப் போல ஒரு உருது ஆசிரியை, ஒரு சோமாலி ஆசிரியர், ஒரு வியட்நாம் ஆசிரியர். ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு மொழியில் வாய்ப்பாடு நடக்கும். வெளியில் நின்று கேட்டால் சந்தை மாதிரி இருக்கும். எனக்கு அது பெருமையாக இருந்தது. குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனால்கூட ஆட்கள் என்னை ‘மாஸ்டர்’ என்றார்கள்.

அந்த அறை நல்லதா கெட்டதா என்று இப்போது யாராவது கேட்டால் ஒரு பதில் சொல்ல வராது. எங்கள் ஊர்ச் சண்டைக்குள்ளிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை, வந்த நாளிலிருந்து வகுப்பில் வாய் திறக்காதவள், அந்த அறையில்தான் முதலில் பேசினாள். தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள், அவ்வளவுதான். அன்றைக்கு நான் அழுதேன். அதே அறைக்குத்தான் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். உன் வகுப்பில் டீச்சர் கதைப்புத்தகம் வாசிக்கிற நேரமும் என் தமிழ் நேரமும் ஒன்றாக விழுந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் இடைவேளையில் அந்தக் கதையை வைத்து விளையாடுவார்கள். கப்பல் எது, கள்ளன் யார் என்று அவர்களுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. ஒரு நாள் வீட்டில் வந்து சொன்னாய்: “அப்பா, என்னைக் கூப்பிட வரேக்கை கதவைத் தட்டாதேங்கோ. கண்ணாலை காட்டுங்கோ, நான் வாறன்.” உன் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். உன் தமிழ் இன்றைக்கு இவ்வளவு வடிவாக இருக்கிறதென்றால் அந்த அறையும் ஒரு காரணம். அந்தக் கதையில் யார் கள்ளன் என்று உனக்கு இன்னும் தெரியாததற்கும் அதுதான் காரணம்.

பிறகு காற்று மாறியது. நொஸ்க் மட்டும்தான், முதலில் நொஸ்க், எப்போதும் நொஸ்க் என்றார்கள். என் அறை பனிச்சறுக்குக் கட்டைகள் வைக்கிற இடமானது, நான் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிரிவுக்குப் போனேன். முந்தி எங்களை மதித்ததும் நல்ல மனத்தோடுதான், பிறகு மாற்றியதும் நல்ல மனத்தோடுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு தடவையும் ஒன்றை மட்டும் யாரும் ஒழுங்கு செய்யவில்லை. நாங்களும் இந்த நாட்டவரும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போய்வருவதற்கு ஒரு வழி.

உன் சிநேகிதன் அன்ட்ரெயாஸின் பிறந்தநாள் ஞாபகம் இருக்கிறதா? நீ இரண்டாம் வகுப்பு. நம்முடைய படிக்கட்டில் மூன்றாம் மாடியில் இருந்த ரூனேயின் மகன். ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை என்று அழைப்பு. நம் வீட்டுக்கு வந்த முதல் நோர்வே அழைப்பு என்று உன் அம்மா கூறைச்சேலைக்கு அடுத்த சேலையை எடுத்துக் கட்டினாள். நான் கோட் போட்டேன். உன் தங்கை கைக்குழந்தை, அவளையும் தூக்கிக்கொண்டு, அந்த வாரம் நம் வீட்டில் தங்கியிருந்த உன் சின்ன மாமாவையும் கூட்டிக்கொண்டு, ஆறு மணிக்குப் போய் இறங்கினோம். ஐந்து என்றால் ஆறுதானே நமக்கு. கதவைத் திறந்த ரூனேயின் மனைவி ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள். பிறகு சிரித்துக்கொண்டு உள்ளே அழைத்து, கதிரைகள் தேடி எடுத்துப் போட்டாள். சின்னப் பிள்ளைகள் தொப்பி வைத்து ஓடிக்கொண்டிருக்க, நடுவில் நாங்கள் நாலு பேரும் பொம்பிளை பார்க்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக இருந்தோம். மாமா கேக் இரண்டு துண்டு சாப்பிட்டார். கடைசி ஆட்களாக எழும்பி வந்தோம்.

அடுத்த மாதம் உன் பிறந்தநாளுக்கு உன் அம்மா வகுப்புப் பிள்ளைகளோடு தாய் தகப்பன்மாருக்கும் சேர்த்துச் சமைத்தாள். றோல்ஸ், ஆட்டிறைச்சி, புட்டு. ஒவ்வொருவராக வந்து பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். “வாங்கோ, இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ” என்று அம்மா தமிழும் நொஸ்க்கும் கலந்து கையைப் பிடித்து இழுக்க, அவர்கள் வெட்கத்தோடு சிரித்தபடி படியிறங்கி ஓடினார்கள். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, அன்றைக்கு நாங்களும் உன்னை வாசலில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று. பிறகொரு நாள் ரூனேயிடம் கேட்டேன், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. அது உங்கள் பண்பாடு என்று நினைத்தோம், அதை மதிக்க வேண்டும் என்றுதான் சொல்லவில்லை என்றான். எங்கள் பண்பாட்டிலும் அழைக்காத வீட்டுக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை என்றேன். இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு நல்ல மனுஷன், ஒரே படிக்கட்டில் இருக்கிறவன், என்னிடம் ஒரு சின்ன உண்மையைச் சொல்லப் பயந்திருக்கிறான். மதிப்பு என்று அவன் நினைத்தது, எங்களுக்கு நடுவில் கண்ணாடிக் கதவு மாதிரி நின்றிருக்கிறது.

அந்த ரூனேதான் நீ ஐந்தாம் வகுப்புக்குப் போன கோடையில் வீட்டை விற்றுக்கொண்டு போனான். அவனுக்கு முன்பே முதலாம் மாடி நோர்வேக்காரர் தோட்டம் வேண்டும் என்று போனார்கள். பிறகு எதிர் வீட்டுக்காரர் நாய் வளர்க்க வேண்டும் என்று போனார்கள். உன் வகுப்புப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும், வருடத்துக்கு வருடம் மஞ்சள் தலைமயிர் குறைந்துகொண்டே வரும். சாமான் வண்டிக்குப் பக்கத்தில் ரூனே என் தோளில் கைவைத்து, “இது உங்களால் இல்லை, அதை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்” என்றான். உண்மையாகத்தான் சொன்னான், அவன் கண்ணும் கலங்கியிருந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வண்டி போன பிறகு கேட்டாய்: “அப்ப ஆராலை அப்பா?”

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதைத் திருப்பி எழுதுகிறேன். “எனக்கு அந்தச் சனங்களிலை ஒரு கோவமும் இல்லை. பாகிஸ்தான்காரர், சோமாலிக்காரர் எல்லாரோடையும்தான் வளந்தனான். அவையளாலை இல்லை அப்பா.” தம்பி, உன் குரலில் ரூனேயைக் கேட்டேன். ரூனே கெட்டவன் இல்லை, நீயும் கெட்டவன் இல்லை. நல்லவர்கள் எல்லோரும் யாராலும் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு நீ கேட்டதை இன்றைக்கு நான் உன்னிடம் கேட்கிறேன். அப்ப ஆராலை?

நீ இதை வயதுபோன மனுஷனின் வெறும் பயம் என்பாய். எனக்குப் பயம் எங்கேயிருந்து வந்தது என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் நான் படித்தது தமிழில். அது என் உரிமை, அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை நான் ஒரு சிங்களப் பிள்ளையோடு ஒரு வாங்கில் இருந்ததில்லை, ஒரு பந்து எறிந்து விளையாடியதில்லை. வெளிநாடு வருவதற்காகக் கொழும்புக்குப் பஸ்ஸில் போனபோது வழியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையை வாங்கின இராணுவப் பொடியனுக்கு என் வயதுதான் இருக்கும், மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. அவன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டான், இன்னும் சத்தமாக. நான் பேசாமல் நிற்க நிற்க அவன் துவக்கைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அவன் கோபத்தில் நடுங்கவில்லை, பயத்தில் நடுங்கினான். அதைப் பார்த்ததும் என் உயிர் என் கையில் இல்லை என்று தெரிந்துவிட்டது. பின்னால் நின்ற ஒரு வியாபாரிக்கு இரண்டு மொழியும் தெரியும். “தம்பி, உன்னோடை கூட ஆரும் வந்தவையோ எண்டுதான் கேக்கிறான்” என்றார். அவ்வளவுதான் கேள்வி. இல்லை என்றேன். விட்டுவிட்டான்.

சண்டை வந்தது பள்ளிக்கூடத்தால் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் நின்ற இரண்டு பேரும் ஒரே தீவில் பிறந்து வளர்ந்தவர்கள், ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கவும் விளங்கவும் வழியில்லாமல் ஒருவரை ஒருவர் சாகப் பயந்து நின்றோம். அந்தப் பயம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. பனியும் அமைதியும் குழந்தைக் கொடுப்பனவும் உள்ள இந்த நாட்டில் அதுபோல் ஒன்று எங்கே நடக்கும் என்று நீ கேட்பாய். எங்கள் நாட்டிலும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

போன மாசி மாதம் நம் கட்டிடத்தில் தீ மணி அடித்தது. காலை நேரம், வெளியில் பனி. எல்லோரும் சப்பாத்தும் சரியாகப் போடாமல் இறங்கி முற்றத்தில் நின்றோம். நான் சுற்றிப் பார்த்தேன். பாகிஸ்தான்காரர் ஒரு பக்கம், சோமாலிக்காரர் ஒரு பக்கம், போலந்துக்காரர் வாகனங்களுக்குப் பக்கத்தில், தமிழர் குப்பைத் தொட்டியடியில். யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை, கால் தானாகப் போய் நின்ற இடம் அது. தீயணைப்புக்காரர் வந்து, உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் தெரியவில்லை. எங்கள் படிக்கட்டில் நாலாம் மாடியில் தனியாக ஒரு நோர்வேக் கிழவர் இருந்தார். அவர் வெளியே வந்தாரா என்று சொல்ல ஒருவர் இல்லை, அவர் பெயர்கூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். மனுஷன் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நித்திரை. யாரோ பாண் கருக்கினதுக்குத்தான் மணி அடித்ததாம். எல்லோரும் சிரித்துக்கொண்டு மேலே போனார்கள். நான் மட்டும் முற்றத்திலேயே நின்றேன். இது நெருப்பாக இருந்திருந்தால் என்று நினைத்தேன். தொலைக்காட்சியில் நம் பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்லி ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுகிறவர்களை விட எனக்கு அந்த முற்றத்தில்தான் அதிகம் பயம் வந்தது. அந்தக் கிழவர் பெயர் ஓட்வார். அன்று பின்னேரமே போய்க் கேட்டேன்.

இதையெல்லாம் எழுதுமுன் நான் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல உன் அம்மா மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் உன் பக்கம் என்பது உனக்குத் தெரியும். “உங்களுக்கு நாட்டுக் கவலை, அவனுக்குப் பிள்ளைக் கவலை. எது பெரிசு?” என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். “சனம் விட்டிட்டுப் போகுது, விட்டிட்டுப் போகுது எண்டு புலம்புறியள். நாங்கள் மட்டும் என்ன செய்தனாங்கள்? பயந்துதானே ஊரைவிட்டு வெளிக்கிட்டனாங்கள். அங்கை மிஞ்சின சனம் எங்களை ஒரு சொல்லுச் சொன்னதே?” என்றாள். வெங்காயத்தாலா அதனாலா தெரியவில்லை, கண்ணைத் துடைத்தாள். இந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் பதில் இல்லாததையே கேட்கிறீர்கள்.

மேற்குப் பக்கத்தையும் நினைத்துப் பார்த்தேன் தம்பி, நியாயமாகத்தான் நினைத்தேன். அங்கே பள்ளிக்கூடம் நல்லதாக இருக்கும், டீச்சர்மார் அன்பாக இருப்பார்கள். ஆனால் சர்வதேச தினம் என்று ஒன்று வரும், மீராவிடம் உன் நாட்டுச் சாப்பாடு கொண்டு வா என்பார்கள். அவள் நாடு ஸ்தவாங்கர். அந்த ஊர் மீன் உருண்டைதான் கொண்டு போக வேண்டும். யாராவது பிறந்தநாளுக்கு அழைத்து, அவள் செய்கிற பிழை ஒன்றைப் பார்த்து, அது அவள் பண்பாடு என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். அவள் பிழை செய்ததே அவளுக்குத் தெரியாமல் போய்விடும். அங்கேயும் எனக்குப் பயம்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் பயம் வருகிற வயது வந்துவிட்டது போல.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் சொல்ல வந்தேன், நீ விடவில்லை. நீங்கள் சாமான் கட்டுவதற்காக மீராவை எங்களிடம் விட்டிருந்த வாரம், பள்ளிக்கூடத்தில் புதுப் பிள்ளைகள் வந்து பார்க்கிற நாள் இருந்தது. பதிவு இருப்பதால் அவளையும் அழைத்திருந்தார்கள். உன்னிடம் கேட்டபோது, “சும்மா கூட்டிக்கொண்டு போங்கோ, அவளுக்குப் பொழுது போகும்” என்றாய். கூட்டிக்கொண்டு போனேன். பாதையோரம் எல்லாம் மஞ்சள் பூ. அவள் பிடுங்கிக்கொண்டே வந்தாள்.

வகுப்பில் பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். நான் பின்சுவரில் சாய்ந்து நின்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, தலைகளைப் பார்த்தேன். இந்தச் சண்டைக்கு முன்பே நீ சொல்லிவந்த பேச்சு காதில் நின்றது. எத்தனை மஞ்சள் தலை என்று பார்த்தேன். நீ சொன்னது சரிதான், ஒன்றும் இல்லை. பிறகு முற்றத்தில் விளையாட விட்டார்கள். மீரா கொஞ்ச நேரம் என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒரு சோமாலிப் பிள்ளை வந்து, நீ எங்கேயிருந்து வந்தாய் என்று நொஸ்க்கில் கேட்டது. மீரா ஸ்தவாங்கர் என்றாள். அந்த ஊர் நோர்வேக்காரர் சொல்கிற மாதிரி, ஒஸ்லோவில் யாரும் சொல்லாத மாதிரி, ‘ர’வைத் தொண்டைக்குள் உருட்டி. அந்தப் பிள்ளைக்கு வாய் திறந்தபடி. இன்னொருதரம் சொல் என்றது. இன்னும் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். என்னென்னவோ சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். உன் மகளுக்குக் கேட்க வேண்டுமா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொற்பொழிவு தொடங்கிவிட்டாள்.

மஞ்சள் பூட்ஸ்காரி படலையடியில் நின்ற தன் தாயிடம் ஓடினாள். நானும் அங்கேதான் நின்றேன். “அம்மா, அம்மா, எங்கள் வகுப்பில் ஒரு நோர்வேப் பிள்ளை இருக்கிறாள்” என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். தாய் உடனே தலையை நிமிர்த்தி முற்றம் முழுக்கத் தேடினாள். நானும் திரும்பித் தேடினேன் தம்பி. எனக்கும் ஆவல், எங்கே அந்தப் பிள்ளை, இவ்வளவு நேரம் என் கண்ணில் படாமல் என்று. பூட்ஸ்காரி விரலை நீட்டிக் காட்டினாள். அங்கே உன் மகள், தலையில் பூவைக் குத்திக்கொண்டு, ஒற்றைக் காலில் கெந்திக்கொண்டிருந்தாள்.

தாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். பிறகு அவள் என்னை உற்றுப் பார்த்து, நீங்கள் அந்தத் தமிழ் வாத்தியார்தானே என்றாள். உன்னைவிட இரண்டு மூன்று வகுப்புக் கீழே படித்தவளாம். நான் கதவைத் தட்டித் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, அங்கே ஏதோ தங்களுக்குத் தெரியாத நல்ல விளையாட்டு நடக்கிறது என்று நினைப்பாளாம். நீ அறைக்குள் இருந்து கதையை நினைத்துக்கொண்டிருந்தாய், அவள் வகுப்பில் இருந்து உன் அறையை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது மருந்துக்கடையில் வேலை. மகள் பெயர் ஹொடான். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள், வீட்டில் தனக்கும் கணவருக்கும் மூன்று மாதமாக வாக்குவாதம் என்று. வகுப்பில் நோர்வேப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை, வேறு இடத்துக்குப் போய்விடுவோம் என்கிறாராம் அவர். அவர்களும் வீடு பார்க்கிறார்களாம். சொல்லிவிட்டு மீராவைப் பார்த்தாள். “இன்றைக்குப் போய் அவரிடம் சொல்லப் போகிறேன், ஒருத்தி இருக்கிறாள் என்று” என்றாள். பகிடியாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது பகிடியாக இருக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மீரா கேட்டாள்: “அப்பப்பா, ஹொடான் என்னை நொஸ்க் பிள்ளை எண்டு சொன்னவ. ஹொடானும் நொஸ்க்தானே?” ஓம் என்றேன். “அப்ப ஏன் அவவுக்குத் தெரியேல்லை?” என்றாள். பூ வாடுது பார், கெதியாய் நட என்று பேச்சை மாற்றிவிட்டேன். வாத்தியார் வேலை பார்த்தவன், ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் மேடு ஏறினேன்.

உன் பிள்ளையை வைத்து நாட்டைத் திருத்த வேண்டாம் தம்பி. அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்க நான் யார். அவள் அங்கே படித்து ஏதாவது குறைந்துபோனால், நீ என்னைத் திட்டாவிட்டாலும் நான் என்னை மன்னிக்க மாட்டேன். அதுவும் ஒரு பயம். அவள் போகாமல் விட்டால், ஹொடானின் தகப்பன் வீட்டை விற்பான், அவர்களுக்குப் பின்னால் இன்னொருவர், கடைசியில் போக முடியாதவர்கள் மட்டும் முற்றத்தில் தனித்தனியாக நிற்பார்கள். இது அதைவிடப் பெரிய பயம். நீ எதைச் செய்தாலும் உன்னோடு கோபிக்க மாட்டேன். மேற்குப் பக்கத்து வீட்டுக்கு உன் அம்மா பால் காய்ச்ச வருவாள், நானும் கோட் போட்டுக்கொண்டு வருவேன், இந்தத் தடவை நேரத்துக்கு.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. படலையடியில் பிரியும்போது ஹொடானின் தாய் என்னிடம் கேட்டாள், “ஆகஸ்ட்டில் வருவாள்தானே?” என்று. ஹொடான் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட்டில் வருவாளா, தம்பி?

அப்பா